மூன்று இழைக் கம்பியில் ஐம்பத்தாறு விளக்கு

1926 ஏப்ரல் 15, வியாழன்

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் மழை, வழக்கம்போல. ஆலையில் உருளை இயந்திரத்துக்கு மேலே நாலு விளக்கு மாட்டி முடித்தேன். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக் கொட்டகை வாசலுக்கு இரண்டு. துரை பங்களா வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்கான பெரிய கம்பி வந்துவிட்டது, மின்விசிறிதான் வரவில்லை.

இந்தத் தோட்டத்துக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள். ஈப்போக் கடைத் தவுக்கே (முதலாளி) "ஒரு மாசம்தான்" என்று சொல்லி அனுப்பினார். சுங்கை சிப்புட்டில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம். சுற்றிலும் கித்தா மரம், ரப்பர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை.

இன்று நான் பேசிய ஆட்கள்:
கிராணியார், தோட்டத்துக் கணக்கர். "ஏணியை உள்ளுக்கு வையுங்கோ" என்றார். வைத்தேன்.
இஞ்சின் ஓட்டும் சீனர். தலையை ஆட்டினார். இதைப் பேச்சில் சேர்க்கலாமா, தெரியவில்லை.
ஆலைப் பூனை.

வருஷப் பிறப்புப் பலகாரம், கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இன்னும் மணக்கிறது. எனக்கு ஒருவரும் கொண்டுவரவில்லை. குற்றம் சொல்ல முடியாது. கிராணிமார் வீட்டில் எனக்கு இலை விழாது. என் அப்பா செமோர் பக்கம் பாலுக்கு மரம் வெட்டிய கூலி என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. லயத்தில் இலை போடுவார்கள், ஆனால் நான் வாசலில் தலை காட்டினால் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். கால்சட்டை, சப்பாத்து, துரையின் கடிதம். எழுந்து நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? ஆகவே ஸ்டோர் (ஆலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பக்கத்து அறையில் தனியாகச் சோறு. கருவாடு. உப்பு அதிகம்.

ஏப்ரல் 16

மழை இல்லை. ஐந்து மணிக்கு லயத்திலிருந்து மூன்று பேர் வந்து அறை வாசலில் நின்றார்கள். நடுவில் நின்றவன் வீராசாமி, மரம் வெட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். கோயில் காரியமெல்லாம் அவன்தான் பார்க்கிறானாம். (இனி வீ. என்று எழுதுகிறேன், பென்சில் தேய்கிறது.)

"ஐயா, மாரியாத்தா திருவிழா அடுத்த சனிக்கிழமை ஆரம்பங்க. மூணு நாளு. ஸ்டோரு இஞ்சின்லேருந்து எடுத்துக்கச் சொல்லி தொர உத்தரவு குடுத்துட்டாருங்க. இந்த வருசம் ஆத்தாளுக்குக் கரண்டு வெளக்கு போடணும்னு ஆச."

எத்தனை விளக்கு என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு இருவது போதுங்க. பல்பு வாங்கறோம்னு சொன்ன வூடு அவ்வளவுதாங்க."

கணக்கு:
விளக்கு ஒன்று 60 வாட். ஆலை டைனமோ 220 வோல்ட். வகுத்தால் கால் ஆம்பியருக்குச் சற்று மேல். இருபது விளக்குக்கு ஐந்தரை ஆம்பியர்.
3/22 கம்பி (மூன்று இழை, ஒவ்வொன்றும் 22-ஆம் நம்பர் கனம்) ஏழு ஆம்பியர் வரை தாங்கும். போதும்.
7/22 (ஏழு இழை) பதினேழு ஆம்பியர் வரை தாங்கும். அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

கிராணியாரிடம் போய் 7/22 கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"அது துரையின்ட பங்களாவுக்கு வந்தது. தொடப்படாது. மற்றதிலை ரெண்டு சுருள் தாறன். ஆனா வெட்டப்படாது, இப்பவே சொல்லிப்போட்டன். திருவிழா முடிய முழுசாய்த் திரும்பி வரவேணும்."

சுருள் 110 கெஜம். ஆலையிலிருந்து கோயிலுக்கு 70 கெஜம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. இரண்டிலும் நாற்பது நாற்பது கெஜம் மிஞ்சும். வெட்டக் கூடாதென்றால் அப்படியே சுருட்டிக் கோயில் கொட்டகைத் தூணில் மாட்ட வேண்டியதுதான். சுருட்டிய கம்பி தன் சூட்டைத் தானே தின்னும். விரித்துப் போட்டதைப்போல ஆறாது. ஐந்தரை ஆம்பியருக்கு லேசாக வெதுவெதுக்கும். பரவாயில்லை.

போகும்போது வீ. திரும்பி, "சாப்பிட்டீங்களாய்யா?" என்றான். ஆச்சு என்றேன். ஆகவில்லை. பத்தொன்பது நாளில் முதல் தடவை ஒருவர் கேட்டது.

ஏப்ரல் 18, ஞாயிறு

வெயில், புழுக்கம். கோயிலில் மூங்கில் நட்டோம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை, உள்ளே சின்னதாக அம்மன். கோயில் என்பதால் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை! மூங்கிலைப் பிடி என்றால் பிடிக்கிறார்கள், நான் தப்பாகக் கட்டினால் சிரிக்கிறார்கள்.

வீ.யின் மனைவி செல்லம்மா சோறு கொண்டுவந்தாள். எல்லாருக்கும் போட்ட இலை வரிசையில் எனக்கும் ஒன்று. அப்பா செமோரில் மரம் வெட்டியதைச் சொன்னேன். ஏன் சொன்னேன், தெரியாது. வீ. கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தான்.

"அட, நம்ம ஆளா நீங்க! இத்தன நாளா இத சொல்லாம ஊமையாட்டம் திரிஞ்சீங்களே. பேரு என்னண்ணே?"

பழனி என்றேன். அதற்கப்புறம் ஐயா இல்லை. பழனியண்ணே.

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். சந்தோஷமாக இருக்கிறது. இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று கொஞ்சம் கேவலமாகவும் இருக்கிறது. செல்லம்மா குழம்பில் புளி தூக்கல். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 20

மழை. மரம் நனைந்ததால் வெட்டு இல்லை, லயம் முழுக்க ஆட்கள். மத்தியானம் முதல் லயத்திலிருந்து கறுப்பாயி வந்தாள், புருஷன் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனவள். முந்தானையில் பத்திரமாகச் சுற்றி ஒரு பல்பு. சுங்கை சிப்புட் ராவுத்தர் கடையில் ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கினாளாம்.

"எல்லா வருசமும் ஆத்தாளுக்கு மாவெளக்கு வைப்பேன். இந்த வருசம் கரண்டு வெளக்குன்னு சொன்னாக. ஒண்ணே ஒண்ணுதாண்ணே. எங்க வூட்டு வெளக்குன்னு ஒண்ணு எரியட்டும்."

வீட்டுக்கு ஒரு மாவிளக்கு வைப்பது இங்கே வழக்கம். எந்த வீட்டு விளக்கு பாதியில் அணைந்தாலும் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அம்மாவும் அப்படித்தான், விளக்கு எரிந்து தீரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் காற்றை மறைத்துக்கொண்டிருப்பாள்.

இருபத்தொன்று. தாராளமாகத் தாங்கும். வாங்கிக்கொண்டேன். கறுப்பாயி வீட்டில் டீ.

ஏப்ரல் 21

கறுப்பாயி வீட்டு விளக்கை வாங்கிக்கொண்ட செய்தி லயத்துக்கு லயம் பரவிவிட்டது.

22: பால் மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கோப்பை) கழுவும் முனியம்மா வீடு. தேங்காய்த் துவையல்.
23: அவள் கொழுந்தன் வீடு. தனிச் சமையலாம், ஆகவே தனி விளக்காம்.
24: புகைக் கொட்டகைக் காவலாள் வீடு. கருவாட்டுக் குழம்பு, என்னுடையதைப்போல உப்பு இல்லை.
25: பெரிய கங்காணி வீடு. கோழி!
26: வீ.யின் பக்கத்து வீடு.

இருபத்தைந்தோடு ஏழு ஆம்பியர் சரி. இருபத்தாறாவதை வாங்கும்போது கை தயங்கியது. அந்த வீட்டுக்காரர் வாசலில் பாய் விரித்துவிட்டார். "ஒண்ணுதானேண்ணே" என்றார். ஒன்றுதான். ஒருவரும் இரண்டு கொண்டுவரவில்லை.

ஏப்ரல் 22

நாற்பத்தொன்று.

காலையில் கிராணியார் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். 7/22 இரண்டு சுருள் இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று சொல்லத்தான் போனேன். அவர் நிமிர்ந்து "என்ன?" என்றார். ஆணி வேண்டும் என்றேன். ஆணி கொடுத்தார். சே.

துரையிடம் நேரே போகலாம். எத்தனை விளக்கு என்று கேட்பார். சொன்னால் மொத்தத்தையும் நிறுத்து என்பார்.

மூன்றாவது வழி, லயத்தில் போய் நிற்பது. பதினாறு வீட்டுக்காரர்கள் பல்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது. எந்தப் பதினாறு? அதற்கப்புறம் யார் பாய் விரிப்பார்கள்? இதை வெளியில் ஒருவரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்: கம்பி தாங்காது என்று எனக்குத் தெரியும். சொன்னால் மறுபடி அறையில் தனியாகச் சோறு தின்ன வேண்டும். அதுதான் பயம்.

ஏப்ரல் 23, வெள்ளி

ஐம்பத்தாறு. தோட்டத்தில் ஐம்பத்தாறு வீடு, ஒன்று பாக்கியில்லை. ஆலை வேலைக்குப் போக மீந்திருந்த ஐந்து டஜன் ஹோல்டரில் நாலுதான் மிச்சம்.

சாயங்காலம் ஒத்திகை. ஐம்பத்தாறையும் ஒன்றாகப் போட்டோம். சில விநாடி எரிந்தது, பட்டென்று அணைந்தது. ஆலைப் பலகையில் ஃபியூஸ் போயிருந்தது. நான் வைத்தது பத்து ஆம்பியர் ஃபியூஸ். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

வாசலில் நாற்பது ஐம்பது பேர் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். வீ. கேட்டான், "என்னண்ணே, ஆத்தா கோவமா?"

இல்லை, ஒரு சின்னக் கம்பிதான் என்றேன். உள்ளே போய் ஒற்றை இழை இருந்த இடத்தில் இரண்டு இழை வைத்தேன். விளக்கு வந்தது. கைதட்டினார்கள்.

கணக்குக்குப் பதினைந்து, நீள ஒல்லிக் கம்பி தின்றதுபோகப் பன்னிரண்டு ஆம்பியர் ஓடுகிறது, ஏழுக்கான கம்பியில். ஃபியூஸை இரட்டிப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு, அழவில்லை, குணமாகிவிட்டது என்று சொல்கிற வேலை. பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதுவரை செய்ததில்லை. வேறு ஒருவன் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

இரவில் இரண்டு மணி நேரம்தானே எரியப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24, சனி

திருவிழா முதல் நாள். மழை வரவில்லை.

ஏழு மணிக்கு விசையைப் போட்டேன். கோயில் முழுக்க விளக்கு. கம்பி ஒல்லி என்பதால் வெள்ளையாக எரியவில்லை, பழுத்த பப்பாளி நிறம். யாருக்குத் தெரியும்? பெண்கள் குலவையிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் விளக்கைத் தேடிப் பிடித்து, அதன் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கறுப்பாயி அழுதாள். வீ. என் தோளில் கை போட்டுக்கொண்டு, கேட்கிறவனிடமெல்லாம் சொன்னான்: "நம்ம அண்ணன் வேலதான்! ஈப்போல கூட இப்படி இருக்காது!"

அந்தக் கை தோளில் இருந்த நேரம் வரைக்கும் ஒன்றும் நினைக்கவில்லை. எடுத்ததும் தூணுக்குப் போய்ச் சுருளைத் தொட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்த சோற்றுப் பானை மாதிரி. தொடலாம், தொட்டுக்கொண்டே இருக்க முடியாது.

ஒன்பதுக்கு, பூசை முடிந்ததும், இஞ்சின் நிறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாலு வீட்டில் கூப்பிட்டார்கள், இரண்டு வீட்டில் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25

மூட்டம். இரண்டாம் நாள்.

எட்டரை மணிக்கு வாசம் வர ஆரம்பித்தது. கம்பி மேல் சுற்றியிருக்கிற ரப்பர் சூடேறும் வாசம். ஈப்போவில் ஒரு கடையில் இந்த வாசம் வந்தால் முதலாளி வெளியே ஓடி வருவார். இங்கே ஒருவர் மூக்கைக்கூட சுளிக்கவில்லை. பிறந்ததிலிருந்து ரப்பர் வாசத்திலேயே இருக்கிற ஜனங்கள். செல்லம்மா மட்டும், "பொகக் கொட்டாயில ஏதோ ஷீட்டு கருகுது போல" என்று சொல்லிவிட்டுப் பொங்கல் கிளறப் போனாள்.

ஐந்நூறு பேரில் அந்த வாசம் என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ஸ்டோர் பக்கத்து அறையில் இருந்ததைவிடத் தனியாக இருந்தேன்.

சுருளைத் தரையில் விரித்துப் போட்டால் சூடு ஆறும். ஆனால் கூட்டம் மிதிக்கும், குழந்தைகள் ஓடுகிறார்கள். தூணிலேயே கொஞ்சம் தளர்த்தி மாட்டினேன். வேலை செய்தேன் என்று பேர்.

நாளைக் காலையில் வீ.யிடம் சொல்லிவிடுவேன். கண்டிப்பாக. கடைசி நாளுக்கு இருபத்தைந்து விளக்கு, மீதிக்கு மாவிளக்கு.

ஏப்ரல் 26, காலை

வீ. வீட்டுக்குப் போனேன். செல்லம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்று எண்ணெய் சேர்த்து, மொறுமொறுவென்று. வீ. சொன்னான், அடுத்த வருஷமும் நீங்கள்தான் வந்து விளக்குப் போட வேண்டும், தவுக்கேயிடம் இப்போதே சொல்லி வையுங்கள் என்று. தலையாட்டினேன். நாலு தோசை சாப்பிட்டேன். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசி நாள் என்பதால் ஆறு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று. எட்டு இருக்கும், கரகம் கோயிலை விட்டு இறங்கியது. தப்பு, உருமி, குலவை. தூணிலிருந்து மெல்லிசாகப் புகை. சாம்பிராணி என்று நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை. வீ. எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். "சுருளைத் தொடாதீங்க, ஆட்களை வெளியே அனுப்புங்க!" என்று கத்திவிட்டு ஆலைக்கு ஓடினேன். எழுபது கெஜம். அந்த இஞ்சின் சத்தத்தில் சீனருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. நானே போய் விசையை இழுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அங்கே இருட்டு. இருட்டில், கூரை ஓரத்தில், ஒரு முழத்துக்குத் தீ.

நான் திரும்பி ஓடிவருவதற்குள் பால் வாளியில் தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். அத்தாப்பு ஒரு மூலை போனது, அவ்வளவுதான். அம்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் தொடாதே என்று கத்தியது வீ.க்கு மேளத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்டும் விடவில்லை. சுருளைத் தூணிலிருந்து இரண்டு கையாலும் பிடுங்கி வெளியே எறிந்திருக்கிறான். உருகிய ரப்பர் வலது உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டது. வெட்டுக் கத்தி பிடிக்கிற கை.

அதோடு முடியவில்லை. இருட்டில் ஒரு கிழவி, "ஆத்தா கண்ண மூடிட்டா!" என்று அலறினாள். பெரிய கங்காணி கேட்டார், "யாரு வூட்டு வெளக்குடா தோசம்?" இரண்டு மூன்று குரல், கடைசியாக வந்த விளக்கு எது, இருபதுக்கு மேல் முதலில் கொடுத்தவள் யார் என்று. ஒருத்தி, "தாலியறுத்தவ கொண்டாந்த வெளக்குலதான ஆரம்பிச்சிச்சு" என்றாள். கறுப்பாயி தூணோடு ஒட்டி நின்றாள்.

இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனிதனில்லை. கூட்டத்துக்கு நடுவில் போனேன்.

"எவ வெளக்கும் இல்ல. அந்தக் கம்பி இருபத்தஞ்சுதான் தாங்கும். ஐம்பத்தாறு போட்டது நான். எனக்கு முன்னாடியே தெரியும். முதல் நாளே தெரியும்."

ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்புறம் யாரோ பந்தம் கொளுத்தினார்கள், கரகம் நடந்தது, எல்லாரும் அதன் பின்னால் போனார்கள். வீ.யை இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நான் போனால் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் அறைக் கதவருகே செல்லம்மா நிற்கிறாள். உள்ளே போகிற துணிச்சல் வரவில்லை. வெளியே நின்றேன். அவன் சத்தம் கேட்டது.

இன்று காலை டிரெஸ்ஸர் சொன்னது: மூன்று வாரம் கத்தி பிடிக்கக் கூடாது. கத்தி பிடிக்காவிட்டால் பெரட்டில், காலை ஆள் கணக்கில், பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை.

கிராணியார் சுருளைத் தூக்கிப் பார்த்தார். கரிக்கட்டை. என்னைப் பார்த்தார். நேரே துரையிடம் போனார். துரை கூப்பிட்டனுப்பி, வேறு ஆள் வருவான், நாளை மறுநாள் லாரியில் நீ ஈப்போ போ என்றார். சரி என்றேன். வீராசாமிக்கு அந்த மூன்று வாரமும் பேர் போட வேண்டும், என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார்.

ஏப்ரல் 28

வெயில். கூரையேறி விளக்குகளை இறக்கினேன். ஐம்பத்தாறும் முழுசு, ஒன்றுகூட உடையவில்லை.

நான் சபையில் சொன்னதை நம்பினார்களா, தெரியவில்லை. காலையில் மூங்கில் பிடுங்கும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கம்பின்னு அவரு சொல்றாரு. நம்ம வூட்டு வெளக்கு அணஞ்சது அணஞ்சதுதான." வீட்டுக்கு வீடு அந்தப் பயம் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விளக்கு, மாடு செத்தால் விளக்கு. எத்தனை வருஷத்துக்கு? எல்லாம் என் வாய்க்குள் நின்றுபோன ஒரு வார்த்தையால்.

சீனரிடம் போய்ச் சைகையில் கேட்டேன், மத்தியானம் இஞ்சின் ஓடுகிற நேரத்துக்கு ஒரே ஒரு விளக்கு. தலையை ஆட்டினார். ஆலை வாசலில் ஒரு ஹோல்டர் மாட்டினேன். பாலை எடை போட்டுவிட்டு ஆட்கள் வருகிற வழி அது.

"வந்து அவங்கவங்க வெளக்கு எரியுதான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

முதலில் ஒருவரும் நிற்கவில்லை. அப்புறம் கறுப்பாயி வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் பல்பை மாட்டினேன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம், திருவிழாவில்கூட அப்படி எரியவில்லை. எண்ணி நூறு வரைக்கும் எரிய விட்டேன். கழற்றி, ஆறவிட்டு, அவள் முந்தானையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நூறு. பகல் வெளிச்சத்தில் வாசல் நிறைய ஜனங்கள் ஒற்றை விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாங்கினார்கள், போனார்கள். ஒருவரும் அண்ணே என்று சொல்லவில்லை. ஐயா என்றும் சொல்லவில்லை. பெரிய கங்காணி தன் விளக்கு எரிந்ததும் தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தார். முனியம்மாவின் கொழுந்தன் இருநூறு வரைக்கும் எண்ணச் சொன்னான், எண்ணினேன்.

கடைசியில் செல்லம்மா. அவர்கள் விளக்கு எரியும்போது அவள் விளக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீராசாமிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எரியுதாம்" என்றாள். கையைச் சொல்கிறாள்.

இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை. ஐம்பத்தாறும் எரிந்தன. முதுகு ஒடிந்துவிட்டது. சோறு பொங்க மனமில்லை, பிஸ்கட்டும் தண்ணீரும்.

ஏப்ரல் 29

சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயில் தாமதம். தூறல்.

காலையில் பெட்டியையும் கருவிப் பையையும் லாரியில் ஏற்றினேன். ரப்பர் ஷீட்டுக் கட்டுகளுக்கு நடுவில் இடம். பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள், ஆலை முற்றத்தில் ஈ காக்கை இல்லை. கிராணியார் மட்டும் வந்து, வீராசாமிக்குப் பேர் போடத் துரை சம்மதித்த விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லாரிக்காரன் கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வீ. வந்தான். கையில் பெரிய கட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். என் பக்கத்தில் வந்து நின்று லாரிச் சக்கரத்தையே பார்த்தான்.

"அந்தக் கம்பி நெசமாவே இருவத்தஞ்சுதான் தாங்குமா?"

"ஆமா."

"அப்ப இருவத்தாறாவது வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. சொல்லவில்லை.

"சொன்னா எல்லாரும் முன்ன மாதிரி ஆயிடுவீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்குக் கூப்பிட மாட்டீங்கன்னு."

அவன் என் முகத்தை அப்போதுதான் பார்த்தான். கோபம் இருந்தது. அதைவிட, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவன் மாதிரி இருந்தான்.

"இருவத்தஞ்சுன்னு சொல்லியிருந்தா, யாரு வெளக்கு எரியணும்னு நாங்க மண்டைய ஒடச்சிக்கிட்டிருப்போம். அது எங்க சண்ட. ஒங்களுக்குச் சோறு போட்டது வெளக்குக்குன்னா நெனச்சீங்க?"

லாரி கிளம்பியது, ஓடி ஏறிக்கொண்டேன்.